வட்டமாக உட்கார்ந்த பெண்களும் பிழைத்த பிள்ளைகளும்



நம்ம குழுக் கூட்டம் எப்படி நடக்கும்னு நமக்குத் தெரியும். பாய் விரிப்போம், வருகை எடுப்போம், சேமிப்பை எண்ணுவோம், கடன் தவணையை வரவு வைப்போம். கடைசியில் தீர்மான நோட்டில் ‘சுகாதாரம் குறித்துப் பேசப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவோம். பல மாதங்களில் அந்த வரி இருக்கும், பேச்சு இருந்திருக்காது. அப்படி எழுதிய ஊக்குநர்களில் நானும் ஒருத்திதான்.

ஒரு கூட்டத்தில் வயதில் மூத்த ஒரு அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: “ஏம்மா, நாம உக்காந்து பேசி யாருக்கு நோய் தீரப் போவுது? டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோது, இதே கேள்வியை உலகத்தில் பல பேர் கேட்டிருப்பதும், நம்மைப் போன்ற பெண்களை வைத்தே அதற்கு விடை கண்டிருப்பதும் தெரிந்தது. அந்த வரலாறு நம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மலரில் எழுதுகிறேன்.

மலை நாட்டில் ஒரு தொடக்கம்

தென் அமெரிக்காவில் பொலிவியா என்று ஒரு நாடு. அங்கே இன்கிசிவி என்பது உயரமான மலைப் பகுதி. ரோடு வசதி குறைவு, ஆஸ்பத்திரி தூரம். பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான். 1990ல் ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு அங்கே 50 ஊர்களில் ‘வார்மி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்த மக்களின் மொழியில் வார்மி என்றால் பெண் என்று பொருள்.

அதில் பெண்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. “உங்க ஊர்ல பிரசவத்துல என்னென்ன கஷ்டம்? அதுல எது பெருசு? அதுக்கு என்ன செய்யலாம்?” என்று அவர்களையே பேசவைத்தார்கள். பேசினார்கள், திட்டம் போட்டார்கள், செய்தார்கள், செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்த்தார்கள். தொடங்கும் முன் ஆயிரம் பிரசவத்துக்கு 117 என்றிருந்த சாவு, 1993க்குள் 44 ஆகக் குறைந்தது. வயிற்றிலேயே இறந்ததும், பிறந்த சில நாளில் இறந்ததும் சேர்ந்த கணக்கு இது.

ஆனால் இதில் ஒரு சந்தேகம் கிளம்பியது. அந்த மூன்று வருடத்தில் வேறு ஏதாவது காரணத்தால் கூடக் குறைந்திருக்கலாம் அல்லவா? கூட்டம் நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

நேபாளத்தில் குலுக்கல்

அந்த ஒப்பீட்டை நேபாளத்தில் மக்வான்பூர் மாவட்டத்தில் செய்தார்கள். காத்மாண்டுவில் உள்ள ‘மிரா’ என்ற அமைப்பும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து செய்த ஆய்வு. ஒன்றுபோல இருக்கும் பகுதிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து 12 ஜோடி ஆக்கினார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பகுதியில் குழு நடத்துவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வேண்டியவர் ஊர், வேண்டாதவர் ஊர் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

கூட்டத்தை நடத்தியவர் நர்ஸ் இல்லை. அந்தப் பகுதியைச் சேர்ந்த, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண். மருத்துவப் படிப்பு எதுவும் கிடையாது. மாதம் ஒன்பது கூட்டம் நடத்துவார். படம் போட்ட அட்டைகளை வைத்து விளையாட்டு மாதிரி பேச்சைத் தொடங்குவார். சில குழுக்கள் தாய் சேய் நலத்துக்கென்று தனி நிதி சேர்த்தன. சில குழுக்கள் நோயாளியைத் தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தன. சில குழுக்கள் பிரசவத்துக்கு வேண்டிய சுத்தமான பொருட்களைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தன.

2004ல் ‘தி லான்செட்’ என்ற மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள், குழு இல்லாத பகுதிகளில் ஆயிரத்துக்கு 36.9. குழு நடந்த பகுதிகளில் 26.2. தாய்மார் இறப்பு குழு இல்லாத பக்கம் 11, குழு இருந்த பக்கம் 2. இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூவாயிரம் பிரசவங்கள்தான் நடந்திருந்தன. அதனால் அந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

நம்ம நாட்டுக்கு வந்த கதை

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சக்ரதர்பூரில் ‘ஏக்ஜுட்’ என்று ஒரு அமைப்பு. ஒன்றுபட்டு நிற்பது என்பது அந்தப் பெயரின் பொருள். பிரசாந்தா திரிபாதி, நிர்மலா நாயர் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கியது. ஜார்க்கண்டில் மேற்கு சிங்பூம், சராய்கேலா-கர்சவான், ஒடிசாவில் கியோஞ்சர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 2005 முதல் 2008 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. ஏறக்குறைய 2,28,000 பேர் வாழும் இடத்தை 36 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் குழுக்கூட்டம் நடத்தினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கூட்டம் நடத்திய 244 குழுக்களில் 172 ஏற்கெனவே இருந்த குழுக்கள். நம்மைப் போல சேமிப்பு, கடன் என்று உட்கார்ந்த பெண்கள்தான் அவர்கள். அந்த வட்டத்தை உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். மாதம் ஒரு கூட்டமாக மொத்தம் 20 கூட்டம். முதலில் பிரச்சினைகளை அடையாளம் கண்டு, எது முதலில் என்று அவர்களே வரிசைப்படுத்தினார்கள். அடுத்து வழி தேடினார்கள். பிறகு செய்து பார்த்தார்கள். கடைசியில் பலனை எடை போட்டார்கள்.

சாவுக்குக் காரணம் தேடும்போது “ஏன்? அது ஏன்?” என்று விடாமல் கேட்பார்கள். குழந்தை ஏன் செத்தது? ஜுரம் வந்தது. ஜுரம் ஏன் வந்தது? தொப்புள்கொடியில் சீழ் பிடித்தது. அது ஏன்? அறுத்த பிளேடு சுத்தமில்லை. அது ஏன்? முன்கூட்டியே யாரும் எடுத்து வைக்கவில்லை. இப்படிப் போகும்போது ‘விதி’ என்று சொன்ன இடத்தில் செய்யக்கூடிய ஒரு வேலை தெரியவரும்.

முடிவு 2010ல் வந்தது. முதல் வருடம் பெரிய மாற்றம் இல்லை. குழு நடந்த பகுதிகளில் ஆயிரத்துக்கு 55.6, நடக்காத பகுதிகளில் 53.4. ‘இதெல்லாம் ஆகாத வேலை’ என்று அப்போதே பாயைச் சுருட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் சுருட்டவில்லை. மூன்றாம் வருடம் குழு நடந்த பகுதிகளில் 36.3, நடக்காத பகுதிகளில் 64.3. கடைசி இரண்டு வருடத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் பச்சிளங்குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைவு.

ஆஸ்பத்திரிக்குப் போவது கூடியதால் வந்த பலன் அல்ல இது. கை கழுவியது, சுத்தமான நூலும் கொதிக்க வைத்த பிளேடும் எடுத்து வைத்தது, தாய்ப்பால் மட்டும் கொடுத்தது போன்ற வீட்டுக்குள் நடந்த மாற்றங்களே முக்கியக் காரணமாகத் தெரிந்தன. தாய்மார்களுக்கு வரும் மிதமான மனச்சோர்வும் மூன்றாம் வருடத்தில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மனசுவிட்டுப் பேச ஒரு இடம் கிடைத்தால் எவ்வளவு பாரம் இறங்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கெடுத்தது யார்?

பிறப்பையும் இறப்பையும் முதலில் தெரிவித்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் சாவு என்பது ஊரில் இருப்பவர்களுக்குத்தானே முதலில் தெரியும்? அவர்கள் சொன்ன பிறகு, ஒன்றரை மாதம் கழித்து ஆய்வாளர் போய்த் தாயிடம் விசாரிப்பார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், ஆஸ்பத்திரி ஏட்டில் பெயர் இல்லாமல் பிறந்து இறந்த குழந்தைகள் அப்படித்தான் கணக்கில் வந்தார்கள். கணக்கில் வராத சாவைத் தடுக்க யாரும் திட்டம் போட மாட்டார்கள்.

“அப்போ குழு நடக்காத ஊர்ப் பெண்கள் பாவம் இல்லையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு வகைப் பகுதிகளிலுமே, சுகாதார சேவை பற்றி மக்கள் தங்கள் கருத்தைச் சொல்ல சுகாதாரக் குழுக்கள் அமைத்தார்கள். ஆய்வு முடிந்த பிறகு விடுபட்ட ஊர்களிலும் கூட்டங்களைத் தொடங்கினார்கள். அங்கேயும் இறப்பு குறைந்தது.

யாருக்கு அதிகப் பலன்?

பொதுவாக எந்தத் திட்டம் வந்தாலும் ஓரளவு வசதியும் படிப்பும் உள்ள வீட்டுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். கடைசி வீட்டுக்குக் கடைசியில்தான் வரும், வராமலும் போகும். ஏக்ஜுட் ஆய்வில் இதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2013ல் வந்த அந்தக் கணக்குப்படி, மிகவும் பின்தங்கிய பெண்களின் வீடுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 59 சதவீதம் குறைந்தது. மற்றவர்களிடம் 36 சதவீதம். எல்லோருக்கும் நன்மை, ஆனால் கடைசி வீட்டுக்கு அதிக நன்மை. சுகாதாரத்தில் சமத்துவம் என்று பெரியவர்கள் மேடையில் பேசுவது இதைத்தான்.

ஆனால் இது தானாக நடப்பதில்லை. பங்களாதேஷில் இதே மாதிரி கூட்டங்கள் நடத்தியபோது முதலில் பலன் தெரியவில்லை. ஏனென்று பார்த்தால், அங்கே 1,414 பேருக்கு ஒரு குழுதான் இருந்தது. ஏக்ஜுட் பகுதியில் 468 பேருக்கு ஒன்று. பிறகு பங்களாதேஷில் குழுக்களைக் கூட்டி 309 பேருக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். 2013ல் வெளியான முடிவில் இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆண்டு நான்கு நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு முப்பது பேராவது கூட்டத்துக்கு வந்த இடங்களில் தாய்மார் இறப்பு ஏறக்குறைய பாதியாகவும், பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன. ஏக்ஜுட் பகுதியிலும் முதல் வருடம் 18 சதவீதக் கர்ப்பிணிகள்தான் குழுவுக்கு வந்தார்கள். மூன்றாம் வருடம் 55 சதவீதம் வந்தார்கள். ஆக, ஊரில் ஒரு குழு இருந்தால் மட்டும் போதாது. வர வேண்டியவர் வந்து உட்கார வேண்டும்.

2014ல் உலக சுகாதார நிறுவனம், மருத்துவ வசதி குறைந்த கிராமப்புறங்களில் இப்படிப்பட்ட பெண்கள் குழுக்களை நடத்தலாம் என்று பரிந்துரை செய்தது. 2016ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஆஷா பணியாளர்களே கூட்டம் நடத்தியபோதும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது தெரிந்தது.

நம் நோட்டில் எழுத வேண்டியது

நம் தமிழ்நாட்டில் இன்றைக்குப் பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான். அதனால் அவர்கள் செய்ததை அப்படியே நாம் செய்ய வேண்டியதில்லை. நம் வீடுகளில் இன்று சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்த சோகை, மார்பகத்திலும் கர்ப்பப்பை வாயிலும் வரும் புற்றுநோய் என்று வேறு கவலைகள். ஆனால் உட்கார்ந்து பேசும் வட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1989ல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. அந்தப் பழைய மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். சேமிப்புக்காகப் போட்ட பாய் சுகாதாரத்துக்கும் ஆகும் என்பதை நாமே காட்டிவிட்டோம்.

இனி இரண்டு காரியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தவர் பெயரோடு வராதவர் பெயரையும் எழுதுவது. குழுவில் சேரவே முடியாத கைம்பெண், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம், மாற்றுத்திறனாளி, சந்தா கட்ட முடியாமல் நின்றுபோன தங்கச்சி எல்லோர் பெயரும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும். சுகாதாரம் பேசும் நாளில் சந்தா கேட்காமல் அவர்களைக் கூப்பிட வேண்டும். இரண்டாவது, யாராவது சர்வே எடுக்க வந்தால் பதில் சொல்வதோடு நிற்காமல், “எதுக்கு எடுக்கறீங்க? முடிவை எங்களுக்கும் வந்து சொல்வீங்களா?” என்று மரியாதையாகக் கேட்பது. நம் உடம்பைப் பற்றிய கணக்கு நமக்கும் தெரிய வேண்டும்.

அந்த அக்காவிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போ கடைசித் தெருவுல ஒரு புள்ளைத்தாச்சி இருக்கா, குழுவுல இல்ல. அடுத்த கூட்டத்துக்கு நான் போயிக் கூட்டியாரேன்” என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் வந்தாள். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு ஓடியது. தீர்மான நோட்டில் ‘சுகாதாரம் குறித்துப் பேசப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே, யார் என்ன சொன்னார்கள், யார் என்ன செய்வதாக ஒத்துக்கொண்டார்கள் என்று முதன்முறையாக ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்.