ரோச் பற்றரியிலிருந்து ரிமோட் ட்ரக் வரை



நாவற்குடாக் கடற்கரை மணலில் பின்னேரங்களில் பெரிய சில்லுப் போட்ட ரிமோட் ட்ரக் ஓடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மொன்ஸ்டர் ட்ரக் என்கிறார்கள். என்ன மோட்டார், எத்தனை செல் என்பதுதான் பிள்ளைகளின் பேச்சு. அந்த மோட்டாருக்கும் பற்றரிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நம் பகுதியின் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

1976இல் ஜப்பானின் தமியா நிறுவனம் தன் முதல் ரிமோட் காரை விற்பனைக்கு விட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் பரவலாக இருந்தது 540 என்ற மோட்டார். 36 மில்லிமீற்றர் விட்டம், 50 மில்லிமீற்றர் நீளம், அவ்வளவுதான். பற்றரி நிக்கல் கட்மியம். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறு செல்லுக்கு 7.2 வோல்ட். காருக்கு இது போதும். பெரிய சில்லைச் சுழற்றுவது வேறு கதை. அதனால் 1987இல் வந்த கிளொட் பஸ்டர் ட்ரக்கில் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று என இரண்டு மோட்டார் வைத்தார்கள். பற்றரி ஒன்றுதான்! இழுவை கூடியது, ஓடும் நேரம் குறைந்தது. மோட்டாரைக் கூட்டுவது எப்போதும் சுலபம், பற்றரிதான் பின்னால் இழுத்தது என்பது எங்கள் கணிப்பு.

அதே பத்தாண்டின் முடிவில் நம் பக்கம் நிலைமை என்ன? 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் கடையில் வாங்கிய ரோச் பற்றரி, அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போகும் பையில் இருந்தால் குற்றம். 2002இல் தடைகள் தளரும் வரை இதுதான் நிலை. இன்று ஒரு பிள்ளையின் ட்ரக்குக்குள் இருக்கும் பற்றரியை அன்று சாவடியில் கண்டிருந்தால் வாப்பாமார் வீடு வந்து சேர்ந்திருப்பார்களா தெரியாது.

யாழ்ப்பாணத்தில் சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். அந்த டைனமோவைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சுழல்வது காந்தம், கம்பிச்சுருள் அசையாமல் நிற்கும். இன்று ட்ரக்குகளில் போடும் பிரஷ்லெஸ் மோட்டாரின் அமைப்பும் ஏறக்குறைய இதேதான். டைனமோவில் சுழற்றினால் மின்சாரம் வரும், இதில் மின்சாரம் கொடுத்தால் சுழலும். பழைய 540இல் சுருள் சுழலும், அதற்கு மின்சாரம் கொடுக்கக் கரித்துண்டு உரசிக்கொண்டே இருக்கும், பொறி பறக்கும், தேயும். கடல் மணல் உள்ளே போனால் சொல்லவே வேண்டாம். பிரஷ்லெஸ்ஸில் அந்த உரசல் இல்லை.

பற்றரியின் பெரிய மாற்றம் லித்தியம். 1991இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு. ட்ரக்குக்குப் போடும் லைப்போ இதன் வகைதான். ஒரு செல் 3.7 வோல்ட். 3எஸ் என்றால் மூன்று செல், 11.1 வோல்ட். மோட்டாரில் 3000 கேவி என்று இருந்தால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3000 சுற்று, பாரமில்லாமல். பெருக்கிப் பாருங்கள், 33,300 சுற்று! கனமான சில்லுக்கு இவ்வளவு தேவையில்லை. கேவி குறைந்த மோட்டாரும் சின்னப் பல்லுச் சக்கரமும்தான் நம் மணலுக்குச் சரி, இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகும்.

ஒரு விசயம் மட்டும் வாப்பா, உம்மாமாருக்கு. லைப்போ செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் லைப்போ, நிக்கல் என்று இரண்டு தெரிவு இருக்கும். நிக்கலில் விட்டுவிட்டால் பற்றரி இறங்குவதை அது தடுக்காது. அப்படிக் கெட்டு உப்பிய பற்றரியை மீண்டும் சார்ஜ் போடும்போதுதான் தீப்பிடிக்கும் ஆபத்து. உப்பியதைச் சார்ஜ் போட விடாதீர்கள். நல்லதையும் இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது, செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில் போடட்டும்.