சம்பளச் சீட்டில் இரண்டு வரிகள்

பிரிட்டனில் சம்பளம் வாங்குகிறவர் சீட்டில் கழிவுப் பகுதியில் இரண்டு வரிகள் தவறாமல் இருக்கும். ஒன்று இன்கம் டாக்ஸ், இன்னொன்று நேஷனல் இன்ஷூரன்ஸ். இங்கே இருக்கிற நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "டாக்ஸ்ல போயிடுச்சு" என்று முடித்துவிடுவோம். ஆனால் இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. கணக்கிடும் முறையும் வேறு. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில் ஒருவருடைய வயோதிகப் பணம் அடங்கியிருக்கிறது.

வருமான வரி போருக்காக வந்தது. பிரான்சோடு நடந்த சண்டைக்குக் காசு திரட்ட, பிரதமர் இளைய பிட் 1799இல் அதைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். 1802இல் சமாதானம் வந்ததும் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே போர் திரும்ப, வரியும் திரும்பியது. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபின், 1816இல் நாடாளுமன்றம் வரியை நீக்கியதோடு அதன் பதிவேடுகளையும் அழிக்கச் சொன்னது. அவ்வளவு வெறுப்பு! 1842இல் ராபர்ட் பீல் மறுபடி கொண்டுவந்தார். அப்புறம் அது போகவே இல்லை. சட்டப்படி அது இன்றும் தற்காலிக வரிதான். ஒவ்வொரு ஏப்ரல் 5ஆம் தேதியும் காலாவதியாகும்; நிதிச் சட்டம் அதற்கு மறுபடி உயிர் கொடுக்கும்.

1860இல் ஜேம்ஸ் வில்சன் இதே வரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கஜானாவை நிரப்பத்தான். எண்பது ஆண்டுகள் கழித்து எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்தது. இந்திய அரசுக்கு வருமான வரி ஆலோசகராக இருந்த பால் சேம்பர்ஸ் லண்டன் திரும்பி, சம்பளத்திலேயே மாதாமாதம் வரி பிடிக்கும் 'பே' (பிஏஒய்இ) முறையை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் சாதாரணத் தொழிலாளிகளும் லட்சக்கணக்கில் வரி வளையத்துக்குள் வந்துவிட்டதால், பழையபடி மொத்தமாக வசூலிப்பது நடக்காத காரியமாகியிருந்தது. திட்டத்தை அறிவிக்க வேண்டிய அன்று காலையில் நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட் இறந்துபோனார். ஆனாலும் 1944 ஏப்ரல் 6 அன்று முறை நடைமுறைக்கு வந்தது.

அதன் சூட்சுமம், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவது. வரியில்லாத வருமானம் இப்போது ஆண்டுக்கு 12,570 பவுண்டு. ஒருவர் அக்டோபரில், மாதம் 3,000 பவுண்டு சம்பளத்தில், வழக்கமான 1257எல் வரிக்குறியோடு சேர்கிறார் என்று வையுங்கள். ஏப்ரலிலிருந்து சேர்ந்த ஏழு மாதச் சலுகை, சுமார் 7,300 பவுண்டு, அவருக்கு ஒரேயடியாகக் கிடைக்கிறது. அதனால் டிசம்பர் வரை வரி பூஜ்யம். ஜனவரியில்தான் சுமார் 300 பவுண்டு பிடிப்பார்கள். அதற்கடுத்த மாதங்களில் இன்னும் கூடும். "திடீர்னு ஏத்திட்டான்" என்று பதறவேண்டியதில்லை.

நேஷனல் இன்ஷூரன்ஸ் அப்படி இல்லை. அந்தந்த மாதத்துக்கு அந்தந்தக் கணக்கு. அதே 3,000 பவுண்டுக்கு முதல் மாதமே சுமார் 156 பவுண்டு போய்விடும். இங்கே புதிதாக வந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர் அந்த வரியைக் காட்டி, "அண்ணே, இது நம்ம பி.எஃப். மாதிரிதானே? ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். "எடுக்க முடியாது தம்பி, அங்க உங்க பேர்ல காசே இல்ல. வருஷக் கணக்குதான் இருக்கு" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வராதுதான், இதற்கும் ஒரு கதை இருக்கிறது.

1911இல் லாயிட் ஜார்ஜ் இதைத் தொடங்கியபோது தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2. நாலு கொடுத்தால் ஒன்பது என்பது அவருடைய பிரசாரம். நோய்க்கும், சில தொழில்களில் வேலையின்மைக்கும் மட்டுமே அது உதவியது. அட்டையில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வேலைக்காரர்களுக்காக ஸ்டாம்பை நக்கி ஒட்டுவதா என்று எஜமானியம்மாக்கள் ஆல்பர்ட் ஹாலில் கூடிப் போராடினார்கள். 1925இன் சட்டம் முதியோர் பென்ஷனையும் இதோடு சேர்த்தது.

வங்காளத்தின் ரங்பூரில் பிறந்த வில்லியம் பெவரிட்ஜ், 1942 அறிக்கையில் எல்லோருக்குமான திட்டத்தை வரைந்தார். முழுப் பென்ஷனை எட்ட இருபது ஆண்டு பொறுத்து, நிதி சேர்த்துக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. போரில் களைத்த முதியவர்களைக் காத்திருக்கச் சொல்ல அட்லி அரசுக்கு மனம் வரவில்லை. உடனே கொடுத்தார்கள். அன்றிலிருந்து, இன்று உழைப்பவரிடம் பிடிப்பது இன்றைய முதியவருக்குப் போகிறது. உழைப்பவருக்குக் கிடைப்பது ஒரு வாக்குறுதி.

அந்த வாக்குறுதியின் அளவுகோல் ஆண்டுகள். 2016 ஏப்ரலுக்குப் பின் வந்த விதிப்படி, முழுப் பென்ஷனுக்கு பொதுவாக 35 ஆண்டு. ஏதாவது கிடைக்க வேண்டுமென்றாலே 10 ஆண்டு. ஒன்பது ஆண்டு கட்டிவிட்டுப் போனால், தானாக ஒன்றும் வராது. விடுபட்டதை விருப்பத்தின்பேரில் கட்டி நிரப்ப வழி உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு அதன் நிபந்தனைகள் இறுகிக்கொண்டே வருகின்றன.

பத்தைத் தாண்டினாலும் இன்னொன்று உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ போய் இருந்தால், முதன்முதலில் என்ன தொகை கிடைத்ததோ அதே தொகைதான் கடைசிவரை. லண்டனில் இருப்பவருக்கு ஆண்டுதோறும் ஏறும். அமெரிக்காவில் குடியேறியவருக்கும் ஏறும், ஒப்பந்தம் இருப்பதால். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களுக்கும் நம் கதிதான். இதை எதிர்த்த வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் தள்ளிவிட்டது.

பி.எஃபுக்குக் கொஞ்சம் ஒத்தது, சீட்டில் மூன்றாவதாக வரும் பணியிட பென்ஷன். 2012 முதல் நிறுவனங்கள் தொழிலாளிகளைத் தாமாகவே இதில் சேர்க்க வேண்டும். குறைந்தபட்சம் நமது பங்கு 5 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3. இது நம் பெயரிலேயே கிடக்கும், நாடு மாறினாலும் நம்முடையது. ஆனால் 55 வயதுக்கு முன் கை வைக்க முடியாது, 2028 முதல் 57.

ஊர் திரும்ப நாள் குறிக்கிறவர்கள் வீட்டு லோனையும் பிள்ளை படிப்பையும் கணக்கில் வைப்பார்கள். அதோடு தங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவில் எத்தனை ஆண்டு நிறைந்திருக்கிறது என்பதையும் அரசின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது. எட்டு மாதம் பொறுத்தால் பத்து நிறையும் என்பது, போனபிறகு தெரிந்தால் யாருக்கு லாபம்?