சார்ஜ் ஏறாத லேப்டாப்: ஒரு சின்ன வரலாறு

சார்ஜரைச் செருகியாயிற்று. லேப்டாப்பும் ஓடுகிறது. ஆனால் பேட்டரி மட்டும் 7 சதவீதத்திலேயே நிற்கிறது. மின்சாரம் வருகிறது, சார்ஜ் ஆகவில்லை என்று திரையின் மூலையில் ஒரு வரி வேறு. செமஸ்டர் நேரமாகப் பார்த்துத்தான் இது வரும்! உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "முழுசா காலி பண்ணிட்டு அப்புறம் போடு." "எட்டு மணி நேரம் எடுக்காம போடு." "பேட்டரி செத்துடுச்சு, புதுசு வாங்கு."

நான் படிப்பது பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் அல்ல. ஆனால் இருப்புநிலைக் குறிப்பு இடித்தால் கடைசி வரியை முறைத்துப் பார்த்துப் பயனில்லை, முதல் பதிவிலிருந்து சரிபார்த்து வர வேண்டும் என்பது எங்கள் பாடம். இதையும் அப்படியே பார்ப்போம். சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் தொடங்கி பேட்டரிக்குள் உள்ள சில்லு வரை போவோம். ஒவ்வொரு படிக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் மேலே சொன்ன வைத்தியங்களில் எது உதவும், எது காலாவதி ஆனது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் படி: சுவர்

எங்கள் கட்டபெட்டில் மழையும் காற்றும் சேர்ந்தால் கரண்ட் போவது சாதாரணம். தேயிலைத் தோட்டங்களுக்கும் சோலைகளுக்கும் நடுவே போகும் கம்பி மேல் ஒரு மரம் சாய்ந்தால் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்னிந்தியாவின் மின்சார வரலாற்றில் நீலகிரிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டேரி நீர்வீழ்ச்சித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையை ஓட்டினார்கள். 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கிப் போய்த்தான் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் பெருகின.

ஆகவே முதல் சோதனை எளிது. அதே பிளக் பாயிண்டில் வேறு ஒரு பொருளைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் சுவர் குற்றவாளி இல்லை. "லோ வோல்டேஜ், அதான் ஏறலை" என்று சொல்வதும் பெரும்பாலும் சரியல்ல. அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். உலகத்தில் எந்த ஊரிலும் விற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆபத்து குறைவான வோல்டேஜில் இல்லை, போன கரண்ட் திரும்பி வரும்போது வரும் திடீர் ஏற்றத்தில்தான் இருக்கிறது. கரண்ட் போனதும் சார்ஜரைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

இரண்டாம் படி: அடாப்டர்

சுவரில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்குத் தேவை சின்ன அளவு நேர்திசை மின்சாரம். நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது அடாப்டர். பல லேப்டாப் அடாப்டர்களில் 19 வோல்ட் என்று இருக்கும். ஏன் 19? ஒரு லித்தியம் அயான் செல் முழுதாக நிறைந்தால் சுமார் 4.2 வோல்ட். நான்கு செல்களை வரிசையாகக் கோத்தால் 16.8. மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அதைவிட உயரத்திலிருந்து விட வேண்டும் இல்லையா, அது போலத்தான்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். லேப்டாப் ஓடுகிறது என்பதால் அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. டெல் போன்ற சில நிறுவனங்களின் அடாப்டர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வேலை. ஊசி வளைந்தாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ, அடாப்டர் யாரென்று லேப்டாப்புக்குத் தெரியாது. கணினியை ஓட்டும், பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யாது. வாட் குறைந்த யு.எஸ்.பி. சி சார்ஜரைப் போட்டாலும் இதே கதை நடக்கலாம். பனிமூட்டமும் ஈரமும் உள்ள நம் ஊரில் முனையில் பாசம் பிடிப்பதும் உண்டு. எனவே பேட்டரி வாங்கப் போகும் முன், அதே வாட் உள்ள சரியான அடாப்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். செலவு இல்லாத சோதனை.

மூன்றாம் படி: பழைய பேட்டரிகளும் பழைய வைத்தியங்களும்

1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே ஈய-அமில பேட்டரியைச் செய்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரி அதுதான். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இன்றும் அதன் வாரிசைப் பார்க்கலாம். 1899-ல் ஸ்வீடனின் வால்டெமார் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியைக் கண்டுபிடித்தார்.

கையில் தூக்கும் கணினி வந்தபோது இவை இரண்டுதான் கைவசம் இருந்தன. 1989-ல் ஆப்பிள் வெளியிட்ட மேக்கின்டாஷ் போர்ட்டபிளில் இருந்தது ஈய-அமில பேட்டரி. மொத்த எடை சுமார் 7 கிலோ! அதில் இன்னொரு வினோதம், பேட்டரி அடியோடு செத்துப்போனால் சார்ஜரைச் செருகினாலும் கணினி எழுந்திருக்காது. மின்சாரம் பேட்டரி வழியாகத்தான் போக வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். இன்று பேட்டரி ஏறாவிட்டாலும் பல லேப்டாப்புகள் சார்ஜரில் ஓடுகின்றனவே, அந்த வசதி எல்லாக் காலத்திலும் இருந்ததல்ல.

நிக்கல்-காட்மியத்துக்கு வேறு ஒரு குணம். பாதி காலியானதும் சார்ஜ், பாதி காலியானதும் சார்ஜ் என்று பழக்கினால், அந்தப் பாதியையே எல்லை என்று எடுத்துக்கொள்ளும். இதை ஞாபக விளைவு என்பார்கள். அதற்கு மருந்து முழுதாகக் காலி செய்து முழுதாக ஏற்றுவது. "முழுசா காலி பண்ணு" என்ற வைத்தியம் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான். அந்தப் பேட்டரி லேப்டாப்பை விட்டுப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அறிவுரை மட்டும் போகவில்லை. லித்தியம் பேட்டரியை அடிக்கடி பூஜ்யத்துக்குக் கொண்டு போனால் அதன் ஆயுள்தான் குறையும்.

நான்காம் படி: லித்தியமும் தீயும்

1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி வோல்டேஜை உயர்த்தியது. 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ, எளிதில் தீப்பற்றும் லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். 1991-ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, குட்இனஃபோடு பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஆறுமுகம் மந்திரம்.

ஆனால் இந்த வெற்றிக்கு நடுவே தீயும் இருக்கிறது. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் லித்தியம் உலோக பேட்டரியை விற்றது. 1989-ல் ஜப்பானில் அந்த பேட்டரி இருந்த ஒரு கைப்பேசி தீப்பிடித்தது. விற்றதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது, நிறுவனமே நொடித்தது. 2006 ஆகஸ்டில் டெல் சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளையும், சில நாட்களில் ஆப்பிள் சுமார் 18 லட்சம் பேட்டரிகளையும் திரும்பப் பெற்றன. எல்லாம் சோனி தயாரித்த செல்கள். தயாரிப்பின்போது உள்ளே கலந்த நுண்ணிய உலோகத் துகள்கள்தான் காரணம் என்றார்கள்.

இதனால்தான் லேப்டாப் பேட்டரிக்குள் ஒரு காவல்காரச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. 1995-ல் டியூராசெல்லும் இன்டெல்லும் சேர்ந்து, பேட்டரி கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு பொது விதிமுறை வெளியிட்டன. எவ்வளவு மின்சாரம் வேண்டும், சூடு எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்று பேட்டரியே சொல்லும். சார்ஜ் ஆகவில்லை என்பது பல நேரம் பழுது அல்ல, அந்தக் காவல்காரன் "வேண்டாம்" என்று சொல்வதுதான்.

எப்போதெல்லாம் சொல்வான்?

சூடு அதிகமானால் சொல்வான். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் இது சகஜம், ஆற விடுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் சொல்வான். அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே போய் அமராமல் உலோகமாக மேலே படியும். ஜனவரி உறைபனியில் ஊட்டிப் பக்கம் இரவெல்லாம் காரில் கிடந்த லேப்டாப்பை உடனே சார்ஜில் போடாதீர்கள். அறைக்குள் வைத்து, வியர்த்த ஈரம் காயட்டும்.

60 அல்லது 80 சதவீதத்தில் நின்றால் ஆயுளைக் காக்கும் அமைப்பு ஏதாவது இயங்குகிறதா என்று பாருங்கள். அதை அணைத்தால் ஏறும்.

கடைசியாக, மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் முழுதாக வடிந்துபோன பேட்டரி. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினி அல்லது லேப்டாப் என்று 2025-26 பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். அக்கா படித்து முடித்த லேப்டாப் பீரோவில் தூங்கி, தம்பி எடுக்கும்போது ஏறாமல் போகலாம். செல்லின் வோல்டேஜ் மிகவும் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் செய்தால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால் சில்லு கதவைப் பூட்டிவிடுகிறது. "வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து எழுப்பித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டைத் திறந்து வைப்பது போல. பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், அன்றே கழற்றச் செய்யுங்கள்.

கணக்கு

வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. பேட்டரிக்கும் தேய்மானம் உண்டு. பொதுவாக 300 முதல் 500 முழு சுற்றுகளில் கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்குக் குறையும் என்பார்கள். அப்போது மாற்ற வேண்டியது பேட்டரியை மட்டும்தான், லேப்டாப்பை அல்ல. பேட்டரிக்கு ஆகும் செலவு புது லேப்டாப் விலையில் ஒரு சின்னப் பகுதி. கழற்றிய பேட்டரியைத் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் எறியவும் வேண்டாம். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு.

லேப்டாப்பை மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொஞ்சம் ஏற்றுங்கள். அடுத்து படிக்கப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ அது வேலை செய்ய வேண்டும்.