தகடூர்ப் போரும் படைப் பூக்களும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பனம்பூ மாலை அணிந்தவன் என்கிறார் ஔவையார் (புறநானூறு 99). பனை சேரர் குடிப்பூ. பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. பெரும்படைகள் கலக்கும் களத்தில் எவர் எந்த வேந்தனின் ஆள் என்று தெரிவதற்காகவே இவை சூடப்பட்டன என்று தொல்காப்பியம் காரணமும் சொல்கிறது.

உறவினருக்குள் போர் மூண்டால் இந்த அடையாளம் பயன்படாது. சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்தபோது இருவர் தலையிலும் ஆத்தியே இருந்தது. அதைக் காட்டித்தான் கோவூர்கிழார் இருவரையும் இடித்துரைத்தார். அஞ்சியின் தகடூரை வென்ற சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையும் பனம்பூவுக்கு உரியவனே. இத்தகைய இடத்தில் போர்ப்பூ பிரித்துக் காட்டும்: மதிலை வளைப்பவர் உழிஞையும் காப்பவர் நொச்சியும் சூடுவது புறத்திணை மரபு. தகடூர்ப் போரைப் பற்றிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்காதது பேரிழப்பு. சில பாடல்களே எஞ்சியுள்ளன.

இப்பூக்கள் படைக்கு மட்டும் உரியவை அல்ல. இளம்பெண்கள் இடையில் தழையாக உடுத்த நொச்சியையே மதில் காத்த வீரனும் சூடினான். அவன் வீழ்ந்தபின், குருதி தோய்ந்த அந்த மாலையை ஊன் என்று எண்ணிப் பருந்து தூக்கிச் செல்வதை வெறிபாடிய காமக்கண்ணியார் பாடுகிறார் (புறநானூறு 271). ஒரே செடி ஊருக்குள் அழகு, மதில்மேல் உயிருக்கு ஈடான உறுதி. போர்ப்பூ மரபை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் பாடல் வேறில்லை.

பூ வாடும், கல் நின்றது. தருமபுரி வட்டாரத்தின் பல்லவர் கால நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்து உண்டு. ஆநிரை மீட்டு இறந்தவனின் பெயரோடு, அவன் யாருடைய சேவகன் என்பதும் அவற்றில் பொறிக்கப்பட்டது. வீரனின் பெருமையில் அவன் சார்ந்த படைக்கும் பங்கிருந்தது.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது; தருமபுரியும் அதில் அடங்கும். அதன்பின் படை அடையாளம் சீருடையும் சின்னமும் ஆயிற்று. 1803இல் அசாயேயில் போரிட்ட சென்னைப் படைப்பிரிவுகளுக்குக் கிடைத்த யானைச் சின்னம் இன்றும் மெட்ராஸ் ரெஜிமென்டின் அடையாளம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், படைவீரன் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு அவன் உடையையோ சின்னத்தையோ போன்றதை மற்றவர் அணிவதைக் குற்றமாக்கியது (பிரிவு 140). 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.