வழியனுப்புற வெளிச்சம்

இன்னைக்கு ஜப்பான்ல ஆரம்பிச்சு, எங்க ஊர் புதுக்கோட்டையில வந்து முடிக்கப் போறோம்.

ஆகஸ்ட் மாசம் ஜப்பானோட பல ஊர்கள்ல ஓபோன் நடக்கும். இறந்த முன்னோர்கள் அப்போ வீட்டுக்கு வந்துட்டுப் போறாங்கன்னு நம்பிக்கை. வரும்போது வழி தெரிய வாசல்ல ஒரு சின்னத் தீ, திரும்பும்போது இன்னொரு தீ. கியோத்தோ நகரத்துல இந்த வழியனுப்புற தீ மலை மேலயே எரியும். ஆகஸ்ட் 16, ராத்திரி 8 மணிக்கு ஆரம்பிச்சு, 5 மலைகள்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா. முதல் மலையில 'பெரிய'ன்னு பொருள்படுற எழுத்து, 75 இடத்துல விறகு அடுக்கி.

உலகப் போர் நேரம், 1943-ல தீ மூட்ட வழியில்ல. அப்போ காலையில வெள்ளைச் சட்டை போட்ட மக்கள் மலையேறி, அதே எழுத்து வடிவத்துல நின்னாங்க. 2020-ல, கொரோனாவுக்குக் கூட்டம் கூடக் கூடாதுன்னு 75 தீ 6 ஆச்சு. ஆனா நிக்கல.

நம்ம நாட்டுலயும் இது இருக்கு. ஒடிசாவுல தீபாவளி அன்னைக்குச் சணல் குச்சியக் கொளுத்தி, வானத்தப் பார்த்துப் பிடிச்சு முன்னோரை அனுப்பி வைப்பாங்க.

எங்க ஊருக்கு வருவோம். சித்தன்னவாசல்னா நமக்கு ஓவியம்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பக்கத்துல பெருங்கற்காலக் கல்வட்டங்களும் இருக்கு, எல்லாம் ஈமச்சின்னங்கள். அந்தக் காலத்துலயே இறந்தவங்களோட சேர்த்துப் பானை, இரும்புக் கருவின்னு வச்சுத்தான் அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு நம்ம வீடுகள்ல, உடலைக் கிடத்துன இடத்துல ஒரு விளக்கு, ஒரு சொம்புத் தண்ணி. கருமாதி வரைக்கும் அது அணையக் கூடாது.

2021 மே மாசம் எங்க அப்பத்தா ஆஸ்பத்திரியில இறந்தாங்க. உடல் வீட்டுக்கு வரவே இல்ல. அப்போ விளக்கை எங்க வைக்கிறது? அப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு. கடைசியா அவங்க வெத்தல இடிக்கிற மூலையில வச்சாரு. பதினாறு நாளும் ராத்திரி எழுந்து எண்ணெய் ஊத்துனாரு. கருமாதிக்கு நாங்க நாலே பேர்.

கியோத்தோவோட அந்த 6 தீயப் பத்திப் படிச்சப்போ எனக்கு அந்த மூலைதான் ஞாபகம் வந்துச்சு. சடங்கை முழுசாச் செய்ய முடியாதப்போ எதை மட்டும் விட மாட்டோம்? வெளிச்சத்தை.

உங்க வீட்டுல விளக்கு எங்க வைப்பாங்க? இந்த வாரம் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு எங்களுக்குச் சொல்லுங்க.