இடித்துக் கட்டிய இறையில்லம்

பழைய வீட்டைப் பிரித்துவிட்டுப் புதிய வீடு கட்டுவது மக்களிடையே என்றும் உள்ள வழமை. சுவர் விரிசல் கண்டால், கூரை தாழ்ந்தால், பொருள் வசதி வாய்த்தால் உரிமையாளர் தம் விருப்பப்படி இடிக்கலாம், கட்டலாம். ஆனால், ஒருவருக்கும் உரிமையில்லாததும் அனைவருக்கும் உரியதுமான ஒரு வீட்டை இடிக்க நேர்ந்தால் அதை முடிவுசெய்பவர் யார்? 'பைத்', அதாவது வீடு என்றே திருக்குர்ஆன் குறிப்பிடும் புனித கஅபாவின் கட்டட வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் நபி இஸ்மாயீல் (அலை) அவர்களும் உயர்த்திய அடித்தளத்தின்மீது அவ்வில்லம் பன்முறை இடித்துக் கட்டப்பட்டுள்ளது. அவற்றுள் நான்கு நிகழ்வுகளை ஈண்டு நோக்குவோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயதானபோது, ஏறத்தாழ கி.பி. 605இல், குறைஷிகள் கஅபாவைப் புதுப்பிக்க முனைந்தனர். அப்போது அது சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய, கூரையற்ற கட்டடம். உயரம் ஓர் ஆளுக்குச் சற்று மிகுதி. வெள்ளத்தால் அது நலிந்திருந்தது. உள்ளிருந்த காணிக்கைப் பொருளும் களவு போயிற்று. செங்கடற் கரையில் உடைந்து ஒதுங்கிய உரோம வணிகக் கப்பலின் மரம் கூரைக்குக் கிடைத்தது. மக்காவில் வாழ்ந்த கிப்தி இனத் தச்சர் ஒருவரும் கிடைத்தார். எனினும் இடிக்கக் கை எழவில்லை. யானைப் படையுடன் வந்த அப்ரஹாவுக்கு நேர்ந்த கதியை அவர்களில் முதியோர் கண்ணாரக் கண்டவர்கள். இறுதியில் வலீத் இப்னு முகீரா கடப்பாரையை ஏந்தி, நன்மையையே நாடுகிறோம் என்று இறைவனிடம் முறையிட்டு, ஒரு பகுதியை இடித்தார். மற்றவர்கள் அன்றிரவு முழுதும் காத்திருந்தனர். விடிந்தபின் அவர் தீங்கின்றி வேலைக்குத் திரும்பக் கண்டே அவர்களும் இணைந்தனர்.

இப்பணிக்குத் தூய வருவாயை மட்டுமே செலவிடுவது என்று அவர்கள் உறுதி பூண்டனர். வட்டிப் பணமும், விலைமகளிர் ஈட்டமும், பிறரிடம் அநியாயமாகப் பறித்த பொருளும் விலக்கப்பட்டன. அறியாமைக் காலத்தார் என நாம் அழைக்கும் மக்களிடம் இருந்த இந்த நெறி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அதன் விளைவு என்ன? தூய பணம் போதவில்லை. வடபுறத்தில் ஏறத்தாழ ஆறு முழ நிலத்தைச் சுவருக்கு வெளியே விட்டுக் கட்டடத்தைச் சுருக்கினர். 'ஹிஜ்ர்' அல்லது 'ஹத்தீம்' என நாம் அறிந்த வளாகத்துள் அந்நிலம் அடங்கியுள்ளது. ஆனால், வாயிலைத் தரையிலிருந்து உயர்த்தி அமைத்ததற்குக் காரணம் வறுமையன்று. தாம் விரும்பியோரை அனுமதித்து, விரும்பாதோரைத் தடுப்பதற்கே அவ்வாறு செய்தனர். ஹஜருல் அஸ்வத் கல்லைப் பதிக்கும் உரிமை பற்றிப் பூசல் மூண்டபோது, அண்ணலார் அதை ஒரு துணியில் வைத்து எல்லாக் குலத்தாரையும் தூக்கச் செய்து, தம் கரத்தால் பதித்தது யாவரும் அறிந்ததே.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்டது. தடுப்பார் எவருமிலர். எனினும் அண்ணலார் கஅபாவை அவ்வாறே விட்டார்கள். இதற்கான காரணத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மக்கள் அறியாமைக் காலத்தை அண்மையில்தான் கடந்து வந்துள்ளனர். அவர்களின் உள்ளம் வெறுப்படையும் என்ற அச்சம் இல்லையெனில், கஅபாவை இடித்து, விடுபட்ட நிலத்தைச் சேர்த்து, தரைமட்டத்தில் நுழையவும் வெளியேறவும் இரு வாயில்கள் அமைத்திருப்போம் என்பது அதன் சாரம். கட்டடத்தின் குறையைவிட மக்கள் உள்ளத்தில் விழும் விரிசலே பெரிதாகக் கருதப்பட்டது.

ஹிஜ்ரி 64இல் (கி.பி. 683) யஸீதின் படை மக்காவை முற்றுகையிட்டபோது கஅபா தீப்பற்றியது; சுவர்கள் தளர்ந்தன. அங்கு ஆட்சி செலுத்திய அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) மக்களைக் கலந்தாலோசித்தார்கள். நலிந்ததை மட்டும் செப்பனிட்டு, எந்த இல்லத்தின்மீது மக்கள் இஸ்லாத்தை ஏற்றனரோ அதை அவ்வாறே விடலாம் என்றார்கள் இப்னு அப்பாஸ் (ரலி). உங்களில் ஒருவரது வீடு எரிந்துவிட்டால் புதிதாகக் கட்டாமல் மனம் அமைவாரா, இறைவனின் வீடு மட்டும் இப்படியே இருப்பதா என்று வினவினார்கள் இப்னு ஸுபைர். மூன்று நாள் இஸ்திகாரா செய்தபின் இடிக்கும் முடிவுக்கு வந்தார்கள். அப்போதும் மக்கள் அஞ்சினர். ஒருவர் மேலேறி ஒரு கல்லை எறிந்து, அவருக்கு ஏதும் நேராததைக் கண்ட பின்னரே துணிந்தனர். தூண்கள் நட்டுத் திரைகள் தொங்கவிடப்பட்டதால் கட்டடம் எழும்வரை கிப்லாவின் அடையாளம் மறையவில்லை. தோண்டிக் கண்ட பழைய அடித்தளம் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. சிற்றன்னை ஆயிஷா (ரலி) வழி கேட்டறிந்தவாறே விடுபட்ட நிலம் சேர்க்கப்பட்டது. இரு வாயில்கள் தரைமட்டத்தில் திறந்தன.

அவ்வமைப்புப் பத்தாண்டுதான் நிலைத்தது. ஹிஜ்ரி 73இல் இப்னு ஸுபைர் கொல்லப்பட்டதும், ஹஜ்ஜாஜ் கலீஃபா அப்துல் மலிக்கின் ஆணைப்படி வடசுவரை இடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். மேற்கு வாயில் அடைக்கப்பட்டது. கிழக்கு வாயில் மீண்டும் உயர்ந்தது. அன்னை ஆயிஷாவின் அறிவிப்பு மெய்யானது என்பதைப் பின்னர் வேறொருவர் வாயிலாகக் கேட்ட அப்துல் மலிக், கைத்தடியால் தரையைக் கீறியவாறு, அதை இப்னு ஸுபைரின் பொறுப்பிலேயே விட்டிருக்கலாமே என வருந்தியதாக முஸ்லிமில் காண்கிறோம். அரசியற் பகையின் கை கட்டடத்தின்மீதும் விழுந்ததற்கு இது சான்று.

பின்னர் அப்பாஸிய கலீஃபா ஒருவர், ஹாரூன் அர்ரஷீத் என்று சிலரும் அவருக்கு முந்தையவர் என்று சிலரும் கூறுவர், இப்னு ஸுபைரின் அமைப்பை மீட்க விரும்பினார். நபிமொழிக்கு ஒத்த விருப்பமே அது. ஆயினும் இமாம் மாலிக் (ரஹ்) தடுத்தார்கள். வரும் மன்னர் ஒவ்வொருவரும் இடித்துக் கட்டினால் இறையில்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும். உள்ளங்களிலிருந்து அதன் கண்ணியம் அகன்றுவிடும் என்பது இமாமவர்களின் வாதம். கலீஃபா பணிந்தார். அதன்பின் எவரும் கஅபாவின் அமைப்பை மாற்றவில்லை. ஹிஜ்ரி 1039 ஷஃபானில் (கி.பி. 1630) பெருவெள்ளம் சுவர்களைச் சாய்த்தபோது, உதுமானிய சுல்தான் நான்காம் முராத் அடுத்த ஆண்டில் கட்டி முடித்ததும் ஹஜ்ஜாஜ் விட்டுச்சென்ற அமைப்பின்படியே. இன்று நாம் முன்னோக்கும் சுவர்கள் அவைதாம். 1996இல் கூரையும் உள்தூண்களும் புதுப்பிக்கப்பட்டபோதும் அமைப்பு மாறவில்லை.

நம் ஊர்களில் முன்னோர் எழுப்பிய கற்பள்ளிகளைப் பெயர்த்துவிட்டுப் பெரிய பள்ளி கட்ட விழையும் ஜமாஅத்தார் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று. இடமின்மையும் நலிவும் உண்மையான காரணங்கள். அவற்றுக்காக இடிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால், பணம் தூயதா, செப்பனிட்டால் போதாதா, ஊரார் உள்ளம் ஒன்றுகிறதா என்னும் மூன்று வினாக்களும் கடப்பாரைக்கு முன் எழ வேண்டியவை.

கஅபாவினுள் தொழ விரும்பிய அன்னை ஆயிஷாவை அண்ணலார் கைப்பிடித்து ஹிஜ்ருக்குள் அழைத்துச் சென்று, இதுவும் இல்லத்தின் பகுதியே, இங்கே தொழுவீராக என்றுரைத்த செய்தி திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் உள்ளது. உயர்ந்த வாயில் இன்றும் சிலருக்கே திறக்கிறது. தூய பணம் போதாமல் சுவருக்கு வெளியே நின்ற அந்நிலத்திலோ, எளியோரும் இறையில்லத்தினுள் தொழும் பேறு பெறுகின்றனர்.