படுகாயமுற்றோரும் செவிலியர் கல்வியும்

விபத்தில் சிக்கிப் படுகாயமுற்ற ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகின்றார் என்று கொள்வோம். அவருடைய நாடியை எண்ணுவதும், ஆடையை அகற்றிக் குருதி பெருகும் இடத்தைத் தேடுவதும், பேச்சுக் கொடுத்து நினைவின் நிலையை அறிவதும் பெரும்பாலும் செவிலியரின் பணிகளாகவே அமைகின்றன. அறுவை மருத்துவர் வந்து சேர்வதற்குள் கழியும் சில நிமிடங்களில் செவிலியர் எதைக் கண்டார், எதைக் காணத் தவறினார் என்பதைப் பொறுத்தே ஓர் உயிர் நிற்பதும் போவதும் உண்டு. அந்தச் சில நிமிடங்களுக்கு வேண்டிய அறிவு செவிலியர்க்கு எவ்வாறு வந்தது, அதனைப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடுகள் எவ்வாறு தோன்றின என்பவற்றை இங்கே காண்போம்.

நம் நாட்டிற்கு இது சிறு செய்தியன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர். 4,43,366 பேர் காயமுற்றனர். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். ஒருவர் வீழ்ந்தால் ஒரு குடும்பமே வீழ்கின்றது.

காயமுற்றோரைப் பேணும் கலையைக் கற்பித்த முதல் ஆசான் போர்க்களமே எனலாம். கிரிமியப் போரின்போது, 1854-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரியில் இருந்த படை மருத்துவமனையை அடைந்தார். புண்ணைக் காட்டிலும் தொற்றுநோயே அங்கு மிகுதியான வீரர்களைக் கொன்றது. தூய நீர், தூய துணி, காற்றோட்டம், ஒழுங்கான குறிப்பேடு ஆகியவை மருந்துக்கு நிகரானவை என்னும் உண்மையை உலகம் அங்கே கற்றது. 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கிற்று. 1872 முதல் அப்பள்ளியினருக்கு அவர் எழுதிய மடல்களில் ஒரு கருத்து அழுத்தம் பெறுகின்றது. செவிலியர் ஒருபோதும் கற்று முடித்தவர் ஆகார். முன்னேறாமல் நிற்பவர் பின்வாங்குகின்றார் என்பதே அது. தொடர்கல்வி என்று இன்று நாம் கூறுவதன் வித்து அங்கே இருக்கின்றது.

இந்தியாவிலும் முறையான செவிலியர் பணி படைவீடுகளின் வழியாகவே வேரூன்றியது. 1888-ஆம் ஆண்டில் பத்துச் செவிலியர் இங்கிலாந்திலிருந்து பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கி, இராணுவ மருத்துவமனைகளில் பணியேற்றனர். 1905-இல் லக்னோ நகரில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. 1910-இல் இந்தியச் செவிலியர் இதழ் வெளிவரத் தொடங்கியது. பள்ளியை விட்டு வெளியேறித் தொலைதூர மருத்துவமனைகளில் தனித்திருந்த பெண்களுக்குப் புதிய செய்திகளைக் கொண்டு சேர்க்க இத்தகைய இதழ் ஒன்று பெரிதும் தேவையாக இருந்தது. சென்னை மாகாணம் 1926-இல் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்வதற்குச் சட்டம் இயற்றியது.

இதற்கிடையே முதல் உலகப் போர், செவிலியர் எதுவரை செல்லலாம் என்னும் எல்லையை மாற்றிவிட்டது. மயக்க மருந்து கொடுக்க மருத்துவர் போதவில்லை. ஆகவே 1918-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையினர், ஏற்கெனவே தேர்ந்த செவிலியர் சிலரைத் தெரிந்தெடுத்து, மயக்கமருந்து கொடுப்பதில் மூன்று மாதப் பயிற்சி அளித்தனர். பணியில் இருப்பவரையே மீண்டும் மாணவராக்கி, ஒரு குறிப்பிட்ட தேவைக்காகக் குறுகிய காலத்தில் பயிற்றும் முறை இது. போர் முடிந்ததும் இங்கிலாந்தில் அவ்வுரிமை நிலைக்கவில்லை. எனினும், தக்க பயிற்சி தந்தால் செவிலியர் இயலுமென்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் மற்றொரு பாடத்தைத் தந்தது. லண்டனில் குண்டு வீச்சினால் இடிந்த வீடுகளின் அடியிலிருந்து மீட்கப்பட்டோர் சிலர் முதலில் நலமாகவே தோன்றினர். சில நாட்களில் சிறுநீர் அற்று இறந்தனர். 1941-இல் பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் தோழரும் இதன் தன்மையை விளக்கினர். நசுங்கிய தசையிலிருந்து குருதியில் கலக்கும் பொருள்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. பொட்டாசியம் மிகுந்து இதயத்தையும் நிறுத்தக்கூடும். அன்று முதல், இடிபாட்டிலிருந்து வந்தவரின் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் மணிதோறும் குறிப்பது செவிலியரின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாயிற்று. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியபோது, பூஜ் நகரின் மருத்துவமனையே இடிந்து வீழ்ந்தது. சேவை செய்ய வேண்டிய இடமே சிதைந்த வேளையில், செவிலியர் கையில் எஞ்சுவது அவர் கற்றிருந்த கல்வி ஒன்றே அன்றோ?

விடுதலைக்குச் சற்று முன்னர் நம் நாட்டின் நிலை யாது? 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, மக்களுக்குச் செவிலியர் சுமார் 7,000 பேரே உள்ளனர் என்று கணக்கிட்டது. அதே ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு அளிக்கும் செவிலியர் கல்லூரிகள் தோன்றின. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. நாடெங்கும் ஒரே தரத்தில் அடிப்படைக் கல்வி அமைய இது வழிவகுத்தது. ஆனால் ஒரு முறை பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுதும் போதும் என்னும் எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. ஆள் பற்றாக்குறை மிகுந்த விடுதியிலிருந்து ஒருவரை வகுப்புக்கு அனுப்புவது எளிதன்று என்பதும் ஒரு காரணம்.

1960-களுக்குப் பின்னர், போர்க்களத்தின் இடத்தை நெடுஞ்சாலை பிடித்துக்கொண்டது. 1966-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, விபத்தினை அக்காலச் சமுதாயம் புறக்கணித்த நோய் என்று சுட்டியது. பால்ட்டிமோர் நகரில் கௌலி என்னும் அறுவை மருத்துவர், படுகாயமுற்றோர்க்கெனத் தனிப் பிரிவு அமைத்து, முதல் ஒரு மணி நேரம் பொன்னானது என்று வற்புறுத்தினார். 1970-இல் அவசரப் பிரிவுச் செவிலியர் அங்கே தமக்கெனச் சங்கம் கண்டனர். 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னட்டும், நினைவின் நிலையை எண்ணால் குறிக்கும் அளவுகோலை வகுத்தனர். கண் திறத்தல், பேசுதல், கைகால் அசைத்தல் ஆகிய மூன்றையும் கூட்டினால் 3 முதல் 15 வரை வரும். ‘சற்று மயக்கமாக இருக்கிறார்’ என்று காலையில் ஒருவரும், ‘தூங்குகிறார்’ என்று மாலையில் மற்றொருவரும் எழுதிவந்த குழப்பம் இதனால் நீங்கிற்று. எண் இரண்டு குறைந்தால் தலைக்குள் குருதி கட்டியிருக்கலாம் என்று ஐயுற்று மருத்துவரை அழைக்கும் உறுதியும் செவிலியர்க்கு வந்தது.

1976-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஸ்டைனர் என்னும் எலும்பு மருத்துவர் ஓட்டிச்சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில வயல்வெளியில் வீழ்ந்தது. அவர் மனைவி மாண்டார், மக்கள் படுகாயமுற்றனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் குறை அவர் மனத்தைச் சுட்டது. கற்றுக்கொடுக்கும் முறையே தவறானது என்று அவர் முடிவு செய்தார். சுவாச வழி, மூச்சு, குருதியோட்டம் என வரிசை மாறாமல் ஆராயும் பயிற்சி 1978-இல் தொடங்கி, 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரியால் ஏற்கப்பட்டது. மருத்துவர் மட்டும் அம்மொழியைக் கற்றால் போதாது. உடன் நிற்பவரும் கற்க வேண்டும் என்பது விரைவில் தெளிவாயிற்று. செவிலியர் மருத்துவருடன் ஒரே விரிவுரையைக் கேட்டு, செய்முறையைத் தனியே பயிலும் வகுப்பு ஒன்று உருவாயிற்று. 1986-இல் செவிலியர்க்கே உரிய மற்றொரு பாடத்திட்டம் வெளிவந்தது. அதன் சான்று நான்கு ஆண்டுகளுக்கே செல்லும்; பின்னர் மீண்டும் தேர வேண்டும். அறிவுக்குக் காலாவதி உண்டு என்பதைச் சான்றிதழே அறிவித்தது.

இந்தியாவில் 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கிய 108 ஊர்தி, பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையம் 2006, 2007 ஆண்டுகளில் செயற்படத் தொடங்கி, செவிலியருள் சிலரைச் சிகிச்சையின் போக்கை ஒருங்கிணைப்பவராகப் பழக்கியது. மேற்சொன்ன மருத்துவர் பயிற்சி 2009-இல் இந்தியா வந்தது. செவிலியர் வகுப்பும் அதனைத் தொடர்ந்தது. அவசரச் சிகிச்சையிலும் பேரிடர்ப் பணியிலும் ஓராண்டுப் பட்டயப் படிப்பைச் செவிலியர் மன்றம் வகுத்தது. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்ற நெறியும் எழுந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய ஆணையம் அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சிலர் வினவலாம். கடந்த இருபது ஆண்டுகளில் மாறியவற்றை மட்டும் நோக்குவோம். குருதி இழந்தவருக்குச் சலைன் நீரை லிட்டர் லிட்டராகச் செலுத்துவது முன்னர் முறையாக இருந்தது. மிகுதியான நீர் குருதியை நீர்க்கச் செய்து, உறையும் தன்மையைக் கெடுக்கின்றது என்று பின்னர் அறிந்தோம். 2018-இல் வந்த பாடத்திருத்தம் தொடக்க அளவை இரண்டு லிட்டரிலிருந்து ஒரு லிட்டராகக் குறைத்து, குருதியையே விரைவில் ஏற்றுமாறு கூறியது. கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே பட்டையை அஞ்சி ஒதுக்கியிருந்தனர். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பின் அது மீண்டும் மதிப்புப் பெற்றது. 2010-இல், இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில் 20,211 நோயாளரிடையே நடந்த ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்து குருதிப்பெருக்கால் நேரும் சாவைக் குறைக்கும் என்று காட்டியது. ஆனால் காயமுற்ற மூன்று மணி நேரத்திற்குள் தந்தால்தான் நன்மை. அதன் பின் தந்தால் தீமையும் நேரலாம் என்று மறு ஆண்டில் தெளிவாயிற்று.

2005-இல் தேர்ச்சி பெற்ற செவிலியர் ஒருவர் இவற்றுள் எதையும் பள்ளியில் முறையாகக் கற்றிருக்க வாய்ப்பில்லை. அவர் அறிவிலோ அன்பிலோ குறைந்தவர் அல்லர். கற்றது பழையதாயிற்று, அவ்வளவே. கடிகாரத்தைப் பார்த்து ‘இன்னும் அரை மணி நேரமே உள்ளது’ என்று நினைவூட்ட அவருக்குத் தெரிந்திருந்தால், ஓர் உயிர் தப்பக்கூடும். இளைஞர் ஒருவரின் உடலில் கால் பங்குக் குருதி போன பின்னும் இரத்த அழுத்தம் சரியாகவே காட்டலாம். நாடித்துடிப்பு விரைவதும் தோல் குளிர்வதுமே முதல் எச்சரிக்கை. இதனை அறிந்தவர் அழுத்தமானியின் எண்ணைக் கண்டு ஏமாறமாட்டார்.

இவ்வரலாறு நமக்கு மூன்று செய்திகளைக் கூறுகின்றது. முதலாவது, வகுப்புக்குச் செல்லும் நேரத்தையும் பணி நேரமாகவே மருத்துவமனைகள் கணக்கிட வேண்டும். இரவுப் பணி முடித்து, விடுப்பெடுத்து, சொந்தப் பணம் செலவிட்டுக் கற்கவேண்டிய நிலையில் 150 மணி நேரம் என்பது வெறும் கையொப்பக் கணக்காக முடியும். இரண்டாவது, ஆண்டுக்கொரு பெருவகுப்பினும் மாதந்தோறும் விடுதியிலேயே நடக்கும் சிறு பயிற்சி பயன்மிக்கது. பழகாத கை சில மாதங்களிலேயே மறந்துவிடும். மூன்றாவது, மருத்துவரும் செவிலியரும் ஒன்றாகக் கற்க வேண்டும். ஆணைக்குக் காத்திருக்கவே பழக்கப்பட்ட ஒருவர், ஆபத்தைக் கண்டாலும் வாய் திறக்கத் தயங்குவார். உடன் கற்றவரிடம் உண்மையைச் சொல்லத் தயக்கம் இராது.

தில்லியைப் போன்ற பெருநகரங்களில் பயிற்சிக் கூடங்கள் உள்ளன. ஆயினும் விபத்து நேரும் நெடுஞ்சாலைக்கு அருகில் இருப்பது பெரும்பாலும் ஒரு வட்ட மருத்துவமனையே. அங்கே நள்ளிரவில் தனித்துப் பணியாற்றும் செவிலியரை இந்தக் கல்வி சென்றடைய வேண்டும். சாலைகளுக்கும் ஊர்திகளுக்கும் கருவிகளுக்கும் நாம் பெரும்பொருள் செலவிடுகின்றோம். அவற்றின் முடிவில் நிற்கும் மனிதரின் அறிவுக்கும் அதே அக்கறையுடன் செலவிடுவோமாயின், இன்று காக்க முடியாத பலரை நாளை காக்க இயலும்.